எட்டுக்குப் பத்து வீடு

எங்கள் கரட்டுப்பட்டியில் வீரணனுடைய வீடு வெளியே நின்று பார்த்தால் எட்டடிக்குப் பத்தடி, உள்ளே போனால் அறுபத்துமூன்று அறை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் வாய்ப்பக்கம் வந்து மோந்து பார்ப்பார்கள், பிறகு பேச்சை மழைக்கும் விலைவாசிக்கும் மாற்றிவிடுவார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒருத்தருக்கு ஆறு விரல், ஒருத்தருக்கு மாறுகண், வீரணனுக்கு உள்ளே பெரிய வீடு, அவ்வளவுதான்.

வீரணன் பேரூராட்சியில் தண்ணீர் திறக்கிறவன். ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிற தொட்டியை நிரப்பிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள், இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, தெருமுனை வால்வுக் குழிக்குள் அதை விட்டுத் திருகினால், கீழத்தெருவிலும் நடுத்தெருவிலும் உள்ள நாற்பத்திரண்டு வீட்டுக் குழாய்களும் ஒரே நேரத்தில் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீர் விடும். நானும் அவனும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. நான் மைக்செட் வைத்திருக்கிறேன். இந்த ஊர் விசேஷங்களில் யார் வந்தார், யார் என்ன கொண்டுவந்தார் என்று சத்தமாகச் சொல்வதுதான் என் பிழைப்பு. என் பெயர் கோட்டைச்சாமி.

அவன் அப்பா செத்தபோது விட்டுப்போனது அந்த எட்டுக்குப் பத்து ஓட்டு வீடும், ஒரு கயிற்றுக் கட்டிலும், ஒரு பல்பும். வீரணனுக்கு அப்போது இருபத்துநாலு வயது, வேலை புதிது, சம்பளம் புதிது. அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் தவணையில் பைக் எடுத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பஸ் ஸ்டாண்டுக்கும் கரட்டுக்கும் காரணமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். வீரணனும் ஆசைப்பட்டான், முன்பணத்தை எடுத்துக்கொண்டு கடை வாசல்வரை போனான், அங்கே நின்று தொட்டிக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தான். ஒன்றரைக் கிலோமீட்டர்தான், கால் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டான். மறுநாள் காலையில் பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் ஒரு பைக் நிறுத்துகிற அளவுக்கு ஓர் அறை, சுண்ணாம்பு அடித்து, தரை பூசி, மேலே பல்பு இல்லாத ஒரு ஹோல்டரோடு. உள்ளே புது டயர் வாசனை அடித்தது. வீரணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், அரிசி மூட்டையை அங்கே மாற்றி வைத்தான், சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அதற்குப் பிறகு வீடு தன்பாட்டுக்கு வளர்ந்தது. அவன் எடுக்காத தீபாவளிச் சட்டைகளுக்கு வருஷத்துக்கு ஓர் அலமாரி, புதுத்துணி வாசனையோடு. வாங்காத டிவிக்கு ஒரு சின்ன அறை. ஊரே வேன் பிடித்துக் கொடைக்கானல் போனபோது அவன் மட்டும் போகாமல் இருந்ததற்கு, சித்திரை வெயிலிலும் குளிர்ந்து கிடக்கிற ஒரு நீள அறை. ஆசை இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும், அப்புறம் வேண்டாம் என்று இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் விடிகிறபோது சுவர் திறந்திருக்கும், விட்ட பொருள் எந்த அளவோ அறையும் அந்த அளவு.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், உபயோகமாக எடுத்துக்கொண்டது. வீட்டு வரி போடுகிறவர் டேப்போடு வந்து, உள்ளே அரை நாள் அளந்து, குளிர்ந்த அறைக்குள் வழிதவறி, வீரணன் கைபிடித்துக் கூட்டிவந்ததும் மூச்சுவாங்க உட்கார்ந்து, சட்டப்படி வெளிச்சுவரைத்தான் அளக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார். வெங்காய வியாபாரி செல்லையா நாலு அறையை வாடகைக்கு எடுத்து மூட்டைகளை அடுக்கினார். பந்தல்காரர் நாற்காலிகளைப் போட்டார். பெண்டாட்டியோடு சண்டை போட்ட ஆண்கள் பைக் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள், இரண்டாம் நாள் டயர் வாசனையில் தலைவலி வந்து சமாதானமாகிப் போனார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் பரீட்சைக்குக் குளிர்ந்த அறையில் படித்து, அந்த வருஷம் எல்லாருமே தேறினார்கள். வாடகைப் பணத்தை வீரணன் வங்கியில் போட்டான், அதிலும் எதற்காவது ஆசைப்பட்டு, வேண்டாம் என்று விட்டு, இன்னும் இரண்டு அறை சம்பாதித்தான்.

மற்றவர்கள் சும்மா இருப்போமா? ஒரு மாசம் கீழத்தெருவே டீ குடிக்கவில்லை. டீக்கடைக்காரர் எங்கள்மேல் மண்ணை வாரித் தூற்றினார். எங்களுக்குக் கிடைத்தது வீட்டுக்கு ஒரு டீ கிளாஸ் அளவுப் பொந்து, அதில் பல்லி குடிபுகுந்தது. நான் ஒரு செல்போனுக்கு ஆசைப்பட்டு, மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் சுவரில் என் உள்ளங்கை அளவு ஒரு குழி விழுந்தது. நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் போய் போனை வாங்கிக்கொண்டு வந்தால் குழி மூடி, அந்த இடத்தில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. விட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அறை போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்தது என்னால்தான். வீரணனுக்கும் நான்தான் சொன்னேன். அவன் விட்டது எதையும் திரும்ப எடுக்காதவன் என்பதால் அவனுக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

காசு செலவாகாததையும் அவன் விட்டான், அதுதான் கெடுதல். தண்ணீர் திறக்க வருகிறவனை எந்த வீட்டில்தான் சும்மா அனுப்புவார்கள்? வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வருகிறவனிடம், "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போப்பா" என்பார்கள், "மோராவது குடி" என்பார்கள், "சரி, தண்ணியாவது குடி" என்பார்கள். இன்றைக்கு இவர்களிடம் வாங்கினால் நாளைக்கு இவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, போனால் வெறுங்கையோடு போக முடியாது என்று கணக்குப் போட்டு, அவன் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றான். ஒவ்வொரு வீட்டில் வேண்டாம் என்ற மறுநாளும் அவனுடைய முன்னறைச் சுவரில் ஒரு டம்ளர் அளவுக்கு ஒரு மாடக்குழி விழுந்தது. எந்த வீட்டிலும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்கு நாற்பத்திரண்டு குழி. ஒன்றில் உப்பு வைத்தான், ஒன்றில் தீப்பெட்டி, ஒன்றில் சோப்பு, மிச்சத்தில் வைக்க அவனிடம் எதுவும் இல்லை.

அவனுக்கு ஒரே தங்கச்சி, பவுன்தாய். அவளை உள்ளூரிலேயே தவமணிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தவமணி கையில் பத்து ரூபாய் இருந்தால் இருபது ரூபாய்க்குச் சிரிக்கிறவர். அவர்களுக்குக் கௌசல்யா பிறந்து, மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். தாய்மாமன் சீர்கொண்டு வர வேண்டும், குழந்தை அவன் மடியில் உட்கார வேண்டும், அவன் மடியில் வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். சீர் என்றால் மேளம், வேட்டு, கிடாய், பழமும் துணியும் பொம்மையுமாக நூற்றியொரு தட்டு, இருநூற்றியொரு தட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்து வருகிற சனம். பவுன்தாய் ஒரு மாசமாகத் தெருவெல்லாம் "எங்கண்ணன் வருவான் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வீரணன் இருநூற்றியொரு தட்டுக்கு வேண்டிய பணத்தைச் சேர்த்துத்தான் வைத்திருந்தான். ஆசையும் இருந்தது. ஆனால் யோசித்தான்: வேட்டு அரை மணி நேரத்தில் புகையாகும், பழம் மூன்றாம் நாள் அழுகும், பொம்மையின் கை ஒரு வாரத்தில் கழன்று விழும், பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அவ்வளவு பணத்தையும் வங்கியில் கௌசல்யா பேரில் போட்டான். ரசீதை ஒரு தட்டில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் வெற்றிலையை அடுக்கி, ஒரு தேங்காயும் ஒரு பாவாடைத் துணியும் வைத்து, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு, தனியாக, வெயிலில் நடந்து மண்டபத்துக்கு வந்தான்.

வாசலில் மைக்கோடு நின்றது நான். வருகிற சீரைச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், ரோடு காலியாக இருந்தது. "தாய்மாமன் வீரணன் சீர், ஒரு தட்டு" என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சனம் சிரித்தது, சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது, "ஒரே ஒரு தட்டு!" என்று இன்னொரு தரம் இழுத்துச் சொன்னேன். நாலு ஸ்பீக்கரிலும் அது போய்க் கரட்டில் மோதித் திரும்பி வந்தது. பவுன்தாய் உள்ளேயிருந்து வந்தாள், அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "இதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று யாரிடமோ சொன்னாள். வெற்றிலையை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. கௌசல்யா, தவமணி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து அழுதாள். வீரணன் தட்டோடு திரும்பிப் போனான். நான் அன்றைக்குச் சாயங்காலம்வரை பாட்டுப் போட்டேன்.

மறுநாள் காலையில் அவன் வீட்டில் மண்டபம் வந்திருந்தது. பின்சுவருக்கும் பழைய அறைகளுக்கும் நடுவில் புகுந்து, எல்லா அறைகளையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. பதினாறு தூண், ஆயிரம் பேர் உட்காரலாம், உள்ளே மல்லிகையும் சந்தனமும் வேட்டுப் புகையும் கறிக்குழம்பும் கலந்து மணந்தது. இனி எந்த அறைக்குப் போனாலும் அவன் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம். பெண் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் ஒரே ஒரு தட்டு என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது, கல்யாணம் நடக்கவில்லை. சாயங்காலமானால் அவனுக்கு ஒரே வேலைதான். ஒரு பல்புதானே இருந்தது, அறுபத்துமூன்று ஹோல்டருக்கு அறுபத்துமூன்று பல்பு வாங்குகிறவனா அவன். முன்னறையில் எரிகிற பல்பைத் துண்டால் பிடித்துக் கழற்றி, இருட்டில் தடவிக்கொண்டே போய் மண்டபத்தில் மாட்டி, பெருக்கி, மறுபடி கழற்றி, அடுத்த அறையில் மாட்டி, அங்கே கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கழற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போவான். மண்டபத்தில் இருமினால் யாரோ பதிலுக்கு இருமுவது கேட்கும். டீக்கடையில் வாங்கி வந்த பழைய பேப்பரை அங்கே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பான், அது தூண்களில் பட்டு வேறு ஆள் குரல் மாதிரி திரும்பி வரும், அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்பான். ஊரிலேயே பெரிய வீடு அவனுடையது, அதில் பேச்சுத்துணைக்கு அவன் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. வெங்காயம் எடுக்கப் போகும்போது செல்லையாதான் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொன்னார், எங்களுக்கும் அது கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

இந்தப் பக்கம் தவமணி மாடி வைத்து வீடு கட்டினார், வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கம் வைத்தார், சிங்கத்துக்குத் தங்கப் பூச்சு அடித்தார், பெண்ணின் கல்யாணத்துக்கு ஊர் எல்லையிலிருந்து மண்டபம்வரை பிளெக்ஸ் வைத்தார். எல்லாம் கடன். வீடு கைமாறியது, வாங்கியவர் சிங்கங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவை இப்போது அவர்கள் குடியிருக்கிற வாடகைத் தகரக் கொட்டகை வாசலில் நிற்கின்றன. இந்த நிலைமையில்தான் கௌசல்யாவின் மகள் இதழினிக்கு மூன்று வயது முடிந்து, காது குத்த வேண்டியதாயிற்று.

பவுன்தாய் வந்தாள். இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு, ஒரு மத்தியான வெயிலில் வந்து, அண்ணன் வீட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். வீரணன் சோப்பு வைக்கிற குழியில் சோப்பை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"பவுனு" என்றான்.

"கௌசி மகளுக்குக் காது குத்தணும்ணே. கௌசிக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. மடியில வச்சுக்க உன்ன விட்டா ஆளு இல்ல."

"உள்ள வா தாயி. நம்ம வீட்டுலயே வச்சிருவோம், மண்டபம் இருக்கு, ஒத்தப் பைசா வாடகை கிடையாது. நான் தொட்டியடியில இருந்து சீர் கொண்டாறேன். இந்தத் தடவ இருநூத்தியொரு தட்டு. எங்கிட்ட பணம் இருக்கு."

பவுன்தாய் அழுதாள். "தட்டை யாருண்ணே எண்ணுனா? அன்னைக்கு நான் உனக்குப் பின்னாடி பாத்தேன். ஒருத்தரும் வரல. எங்கண்ணனுக்கு இந்த ஊர்ல ஒரு மனுசன் இல்லையேன்னுதான் எனக்கு ஆங்காரம் வந்துச்சு. பணத்தக் குடுத்துத் தூக்கியார சொன்னா கூலிக்கு ஆயிரம் பேரு வருவாய்ங்க. அது வேணாம். நாலு பேரு உனக்காக வரட்டும், நாலே பேரு. அப்படி வர்றதா இருந்தா வா. இல்லாட்டி அந்த ஒன்னுவிட்ட மாமனையே கூப்புட்டுக்கிர்றேன்."

உள்ளே வராமலே போய்விட்டாள். காதுகுத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

வீரணனுக்கு அந்த நாலு பேர் யார் என்று தெரியவில்லை. தெருவில் தண்ணீர் திறந்துவிட்டு நின்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தான். ஒருவருக்கு அன்றைக்குத் தேனியில் வேலை, ஒருவருக்கு முட்டி வலி, ஒருவர் "பாக்கலாம்ப்பா" என்றார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இங்கே ஒருத்தர் வீட்டுத் தட்டை இன்னொருத்தர் தூக்குவது, அவர் இவர் வீட்டுத் தட்டைத் தூக்கியதால்தான். வீரணன் முப்பது வருஷத்தில் யார் தட்டையும் தூக்கியவனில்லை. நடுத்தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் மாயக்காள்தான் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "ஏப்பா, ஊருக்கெல்லாம் தண்ணி விடுற. யாரு வீட்டுலயாவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா நீ? ஒரு சொம்பு தண்ணிக்கு நாங்க ஆகல, தட்டுத் தூக்க மட்டும் ஆகிட்டமா?"

அவன் சாவியைச் சுவரில் சாய்த்துவைத்தான். "சரி, குடு" என்றான். மாயக்காள் கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தான். வீட்டுக்குப் போனால் உப்பு வைத்த குழி மூடியிருந்தது, உப்பு கீழே கொட்டிக் கிடந்தது, அந்த இடத்தில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது.

அடுத்த பதினைந்து நாளும், தண்ணீர் திறக்கிற நாளானாலும் திறக்காத நாளானாலும், அவன் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று தண்ணீர் கேட்டான். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கேட்கத் தெரியவில்லை அவனுக்கு, வாசலில் நின்று தொண்டையைச் செருமுவான், ஆள் வந்ததும் குழாயைப் பார்ப்பான், பிறகு "குடிக்க..." என்று பாதியில் நிறுத்துவான். ஆனால் கொடுத்தார்கள். தண்ணீர் கேட்டு வந்தவனுக்கு மோர் கொடுத்தார்கள், மோரோடு ஒரு அதிரசம் கொடுத்தார்கள், உட்கார் என்றார்கள், உட்கார்ந்தவனிடம் மகன் வேலைக்குப் போகாததைச் சொன்னார்கள், முட்டி வலியைக் காட்டினார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவுக்கும் அவனுக்கு ஒரு பைசா செலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாலையில் போய்ப் பார்த்தால் சுவரில் இன்னும் இரண்டு குழி, மூன்று குழி மூடியிருக்கும்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. குழி மூடுகிறது என்றால் சீர் போனால் மண்டபமும் மூடும், மண்டபம் மூடினால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை அறைக்கும் வழி இல்லை. ஊர் ஓடிவந்து புத்தி சொன்னது. மண்டபத்தை முகூர்த்தத்துக்கு வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்று பந்தல்காரர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். "இருபத்தெட்டு வருசமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தது" என்றார் செல்லையா.

"ஆமா" என்றான் வீரணன். "வெங்காயத்த எடுத்துக்கங்க."

எல்லாரும் தங்கள் பொருளை எடுத்துக்கொண்டார்கள். செல்லையா மட்டும் விலை ஏறட்டும் என்று பதினெட்டு மூட்டையை உள்ளேயே விட்டுவைத்தார்.

பதினாறு நாளில் அவன் நாற்பத்தோரு வீட்டில் தண்ணீர் குடித்தான். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது சாவியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போவான். என் வீட்டுக்காரி தினமும் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், "ஏன் நம்ம வீட்டுக்கு மட்டும் வரல?" என்று கேட்டாள். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பதுபோல் இருந்தேன். எனக்குத் தெரியாதா என்ன.

காதுகுத்து அன்று காலையில் பவுன்தாயும் தவமணியும் கௌசல்யாவும் பக்கத்துச் சொந்தங்கள் இருபது பேரும் மண்டபத்துக்குள் வந்து, பதினாறு தூணுக்கு நடுவில் சின்னக் கும்பலாக உட்கார்ந்தார்கள். இதழினி கத்தினால் பத்து இதழினி கத்துவதுபோல் கேட்டதாம். வீரணன் தொட்டியடியில் அதே பழைய தட்டோடு நின்றான். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தான். எட்டுக்கு ஒருவரும் இல்லை. எட்டேகாலுக்கு ஒரு நாய் வந்து அவன் காலை மோந்துவிட்டுப் போனது. நான் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் சைக்கிளோடு நின்றேன்; கேரியரில் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான், ரோட்டைப் பார்த்தான். இன்றைக்கும் ஒரு தட்டு என்றால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன் என்று இருந்தது.

மாயக்காள் வந்தாள், ஒரு தட்டு நிறைய இட்லியோடு, "மாவு புளிக்கலப்பா, அதான் லேட்டு" என்றாள். அவளுக்குப் பின்னால் முட்டி வலிக்காரர் தாங்கித் தாங்கி நடந்து வந்தார், தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம். பிறகு தேனி வேலைக்காரர், தட்டில் அவர் தோட்டத்துக் கத்திரிக்காய். ஒருத்தி ஒரு படி அரிசி, ஒருத்தி அஞ்சு முட்டை, ஒருத்தர் வீட்டில் வேறு எதுவும் இல்லையென்று ஒரு பிடி கல்லுப்பு. செல்லையா வெங்காயம். எவர்சில்வர் தட்டு, பித்தளைத் தட்டு, விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு. வீட்டில் சோறு தின்கிற தட்டைக் கழுவி எடுத்து வந்திருந்தார்கள். மேளம் இல்லை, வேட்டு இல்லை. அந்த வரிசை என்னைத் தாண்டிப் போனபோது எண்ணியது நான் ஒருத்தன்தான், நாற்பத்தொன்று, அவன் தட்டோடு நாற்பத்திரண்டு. மைக்கை நான் எடுக்கவில்லை.

உள்ளே நடந்ததை எனக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள். வீரணன் முதலில் வாசற்படி தாண்டினான், தாண்டியதுமே தூண்கள் அசைந்தன. ஒவ்வொரு தட்டும் உள்ளே வர வர மண்டபம் ஒரு முழம், இரண்டு முழம் என்று கிட்டே வந்தது. தூண்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சுவருக்குள் போய், ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி, தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கி, கட்டில்மேல் ஏறி, கைப்பிள்ளைகளைக் கைமாற்றிக்கொடுத்து, கடைசித் தட்டு உள்ளே வந்தபோது எல்லாருமாக எட்டுக்குப் பத்துக்குள் அடைந்து நின்றார்கள். யாரும் வெளியே போகவில்லை. கறிக்குழம்பு வாசனையும் மல்லிகையும் போய் வேர்வை வாசனையும் இட்லி வாசனையும்தான் இருந்தன. ஆசாரிக்குக் கையைத் தூக்க இடமில்லை. நடுவில் வீரணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் இதழினி, அவள் காதைக் குத்தும்போது அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பித்தான் போயிற்று.

பவுன்தாய் அண்ணனுடைய தட்டை வாங்கினாள். வெற்றிலையைத் தூக்கிப் பார்த்தாள். ரசீதில் கௌசல்யா பேர் இருந்தது, இருபத்தோரு வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தது, அதன்கீழே புதுப்பித்த காகிதங்கள் கட்டாக இருந்தன. பின்னால் அதில்தான் அவர்கள் கொட்டகையை விட்டு இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார்கள், சிங்கம் வைக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லண்ணே."

"நீ தூக்கிப் பாப்பேன்னு இருந்தேன்."

"நீ வாயத் தொறப்பேன்னு நான் இருந்தேன்" என்றாள் பவுன்தாய்.

தெருவில் பாய் விரித்து, வந்த இட்லியையும் வந்த கத்திரிக்காயையும் வந்த உப்பையும் கொண்டே சாப்பாடு நடந்தது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராகத் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். பவுன்தாயும் தூங்குகிற பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். செல்லையாவின் பதினெட்டு மூட்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. வீரணன் அதற்கு விலை கொடுத்துவிட்டான், மழை நாளில் இப்போதும் அந்தப் பின்சுவர் வெங்காயம் மணக்கும்.

எல்லாரும் போனபிறகு அவன் வழக்கம்போலத் துண்டை எடுத்து, எரிகிற பல்பைப் பிடித்துக் கழற்றிக்கொண்டு, இருட்டில் பின்சுவர்வரை தடவிக்கொண்டு போனானாம். கதவு இருந்த இடத்தில் கை சுவரில் பட்டது. சூடான பல்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். பைக் அறை இல்லை, சட்டை அலமாரிகள் இல்லை, குளிர்ந்த அறை இல்லை, சாயங்காலத்தைக் கழிக்க நடந்துபோக எந்த இடமும் இல்லை. அழுதேன் என்று என்னிடம் பிறகு அவனே சொன்னான், எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. திரும்பி வந்து பல்பைப் பழைய இடத்திலேயே மாட்டினான். ஒரே பல்பில் வீடு மொத்தமும் தெரிந்தது, நாலு சுவரும் தெரிந்தன, நாலு சுவரும் வழவழவென்று மூடியிருந்தன. முன்சுவரில் மட்டும் ஒரு டம்ளர் அளவுக்கு ஒரு குழி மூடாமல் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். நான் வாசலில் உட்கார்ந்து, பிரிக்காத ஸ்பீக்கர் கயிற்றை இப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தால் வீரணன், பித்தான் போன சட்டையோடு. அவனுக்குப் பின்னால், தெருக்கோடியில், அவன் வீட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் அவன் பல்பை எரியவிட்டு வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தொண்டையைச் செருமினான். எங்கள் குழாயைப் பார்த்தான்.

"கோட்ட, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் நாள். விடியற்காலையில் அவனே வந்து திறந்துவிட்டுப் போயிருந்தான், அவன் வீட்டுக் குடமும் நிறைந்துதான் இருந்திருக்கும். நான் எழுந்திருப்பதற்குள் என் வீட்டுக்காரி சொம்போடு வந்துவிட்டாள். அவன் வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய்வைத்து, மெதுவாகக் குடித்தான்.

"வீரணா, அன்னைக்கு அந்த மைக்குல நான் ரெண்டாந்தரம்..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி நல்லாருக்குப்பா" என்றான்.

குடித்து முடித்த பிறகும் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான்.